வாழையடி வாழையா? நோயடி நோயா?

நமது நாட்டில் கல்யாண வீடுகளில் பெரியவர்கள் மணமக்களைப் பார்த்து “வாழையடி வாழையாய் வாழ வேண்டும்” என்று வாழ்த்துவது வழக்கம். பந்தலின் வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டைக் கட்டிவிட்டு, அதன் அடியில் நின்றுகொண்டே இந்த வாழ்த்தையும் சொல்லுகிறார்கள். கட்டப்பட்ட வாழையோ கிழங்கை விட்டு வெட்டப்பட்டு, மறுநாள் குப்பைக்குப் போக இருப்பது. வாழ்த்துகிறவர்களில் எத்தனை பேர் அந்த வாழை எப்படி வாழ்கின்றது, எதனால் சாகின்றது, அதை நட்டவன் என்ன கதியில் இருக்கின்றான் என்று யோசித்திருப்பார்கள் என்று கேட்கிறோம். யோசித்திருந்தால் இந்த வாழ்த்தைச் சற்றுத் தயங்கித்தான் சொல்லியிருப்பார்கள். ஏனெனில், இன்று வாழைப் பயிருக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்தே அது வாழையடி வாழையாக வருவதால் வந்த ஆபத்தேயாகும்.

எப்படியென்றால், நாம் தின்னும் வாழைப்பழத்தில் முளைக்கக்கூடிய விதை கிடையாது. நெல்லுக்கு விதை உண்டு. மாவுக்குக் கொட்டை உண்டு. வாழைக்கோ தாயின் கிழங்கிலிருந்து கிளம்பும் கன்றுதான் உண்டு. கன்று தாய்க்குப் பிறந்த பிள்ளையல்ல. தாயே மறுபடியும் தோன்றுவது. ஆகவே ஒரு ஜில்லா முழுவதும் ஒரே ரகத்தை நட்டால் லட்சக்கணக்கான மரங்கள் நிற்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், உண்மையில் ஒரே மரம்தான் லட்சம் இடத்தில் நிற்கின்றது. அந்த ஒன்றைக் கொல்லக்கூடிய நோய் எதுவோ அது அத்தனையையும் கொல்லும். தாய்க்கு நோய் இருந்தால் கன்றுக்கும் உண்டு. பாட்டன் செய்தான், அப்பன் செய்தான், நானும் செய்கிறேன் என்று கேள்வி கேட்காமல் வரும் மனிதனுக்கும், இந்த வாழைக்கும் அதிக வித்தியாசமில்லை.

இது ஏதோ வீண் பயமுறுத்தல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு தடவை நடந்து முடிந்த சங்கதியாகும். சென்ற நூற்றாண்டின் பாதி வரையில் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் கப்பலேறிய பழம் குரோ மிஷேல் என்னும் ரகம். தோல் தடிப்பு, அடிபட்டால் நசுங்காது, கப்பல் பிரயாணத்தைத் தாங்கும். இவ்வளவு போதாதா வியாபாரிக்கு? மத்திய அமெரிக்க நாடுகளில் காடுகளை வெட்டி, ரயில் போட்டு, கண்ணுக்கு எட்டிய தூரம் இந்த ஒரே ரகத்தையே நட்டார்கள். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணம் வேர் வழியாக உள்ளே நுழைந்து, தண்டில் நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிட்டது. இலை மஞ்சளாகி ஒடிந்து தொங்கிற்று, மரம் செத்தது. இதற்குப் பனாமா வாடல் நோய் என்று பெயர் வைத்தார்கள். கம்பெனிகள் என்ன செய்தன? நோய் வந்த தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டுப் புதுக் காட்டை வெட்டின. பூஞ்சணம் பின்னாலேயே போயிற்று. கடைசியில் 1960ஐ ஒட்டி, உலக வியாபாரத்திலிருந்தே குரோ மிஷேல் மறைந்துபோய்விட்டது.

வாழைக்கு வந்த கேடு இப்படியென்றால், வாழைக்குப் பாடுபட்டவனுக்கு வந்த கேட்டைக் கேளுங்கள். 1899இல் ஏற்பட்ட யுனைடெட் புரூட் கம்பெனி அந்த நாடுகளில் நிலம், ரயில், துறைமுகம் யாவற்றையும் கைக்குள் போட்டுக் கொண்டது. 1928ஆம் வருஷம் கொலம்பியாவில் அக்கம்பெனியின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை, நாளுக்கு எட்டு மணி நேரம், கம்பெனிக் கடைச் சீட்டுக்குப் பதிலாகக் கையில் காசு என்பவை போன்றவைதாம் அவர்கள் கேட்டவை. இது ராஜ்யத்தைக் கேட்பதா? அந்த டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சியனாகா என்ற ஊரில் கூடியிருந்த தொழிலாளிகள் மீது பட்டாளத்தார் சுட்டார்கள். செத்தவர்களை எண்ணக்கூட அந்தச் சர்க்காருக்கு மனமில்லை. குவாதமாலா நாட்டில் 1952இல் தரிசாய்க் கிடந்த பெரிய பண்ணை நிலங்களை உழைப்பவர்களுக்குப் பங்கிடச் சட்டம் செய்த அர்பென்ஸ் அரசாங்கம், 1954இல் அமெரிக்க ரகசிய இலாகாவின் உதவியோடு கவிழ்க்கப்பட்டது. பங்குக்கு வந்த நிலத்தில் அந்தக் கம்பெனியின் நிலமும் இருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இதன் பிறகு, வேரிலுள்ள புழுவைக் கொல்வதற்காக நெமகான் என்னும் மருந்தைத் தோட்டங்களில் விட்டார்கள். அதைத் தயார் செய்த அமெரிக்கத் தொழிற்சாலை வேலைக்காரர்களுக்கு மலட்டுத்தன்மை உண்டாகிறது என்பது 1977இல் வெளிப்பட்டுவிட்டது. வெளிப்பட்ட பின்னும் மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் அது உபயோகிக்கப்பட்டது. மலிவான பழம் என்று தின்றவர்களுக்கு, மலிவு எங்கிருந்து வந்தது என்பது தெரியாது.

நிற்க, குரோ மிஷேல் போன இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். இது ஒரு பிரபுவின் பெயர். தென் சீனத்து மரம் மோரீஸ் தீவு வழியாக இங்கிலாந்து போய், டெவன்ஷயர் பிரபுவாகிய கேவண்டிஷ் என்பவரின் கண்ணாடி வீட்டில், ஜோசப் பாக்ஸ்டன் என்னும் தோட்டக்காரரின் கையில் 1835இல் பூத்தது. மண்ணைக் கிளறியவர் பாக்ஸ்டன்; பெயர் பிரபுவுக்கு! அது போகட்டும். பழைய வாடல் நோயை இந்த ரகம் தாங்கிற்று என்பதால், மறுபடியும் அதே காரியத்தையே செய்தார்கள். அதாவது ஒரே ரகத்தை உலகெங்கும் நட்டார்கள். இன்று உலகில் விளையும் வாழையில் ஏறக்குறையப் பாதியும், நாடு விட்டு நாடு போகும் வாழையில் அநேகமாக முழுவதும் கேவண்டிஷ் வகைதான். நாம் கடையில் “பச்சைப் பழம்” என்றும் “ஜி-9” என்றும் கேட்டு வாங்குவது இந்த வகையையே. பூஞ்சணமும் சும்மா இருக்கவில்லை. அதில் ‘நான்காம் இனம்’ என்ற புதுக் கூட்டம் ஆசியாவில் கிளம்பிக் கேவண்டிஷையும் கொன்று வருகின்றது. 2019இல் கொலம்பியாவுக்கும், 2021இல் பெரு நாட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நமது தேசத்தில் பீகாரிலும், பிறகு உத்தரப்பிரதேசம், குஜராத் முதலிய இடங்களிலும் கண்டிருக்கின்றார்கள். இதைக் கொல்ல மருந்தில்லை. மண்ணில் பல பத்து ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். செருப்பில் ஒட்டிய மண், மண்வெட்டியில் ஒட்டிய மண், வாய்க்கால் தண்ணீர், கன்றின் கிழங்கு ஆகிய எதிலும் ஏறிப் பயணம் செய்யும்.

“இதெல்லாம் அமெரிக்கச் சங்கதி, நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். உலகில் விளையும் வாழைப்பழத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை விளைவிக்கும் தேசம் நம்முடையது. ஆகவே நமக்குத்தான் முதலில் என்ன என்று கேட்க வேண்டியிருக்கின்றது. அதோடு, நமது தமிழ்நாட்டிலேயே ஒரு பெரும் வாழைச் சாவு நடந்து முடிந்திருக்கின்றது. திண்டுக்கல் ஜில்லாவில் கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களில், காப்பிச் செடிக்கு நிழலாக விருப்பாச்சி என்னும் மலை வாழையை வைத்து வந்தார்கள். தோல் சுருங்கினாலும் உள்ளே கெடாது, மணம் தனி, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதுவே மூலப் பழம். 1970ஐ ஒட்டிய வருஷங்களில் இது சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்ததாகக் கணக்கு. பின்னால் அது சுமார் 2,000 ஹெக்டேராகக் குறுகிவிட்டது. கொன்றது முடிக்கொத்து நோய் ஆகும். இலை நீளாமல், அகலாமல், உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும். காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் தெரியும். இளம் பருவத்தில் பிடித்த மரம் குலை தள்ளாது. இந்த வாழை போனவுடன் மலை ஜனங்களுக்கு மாதா மாதம் கைக்கு வந்துகொண்டிருந்த காசும் போய்விட்டது.

இப்படி மரங்கள் சாகும்போது பாமர மக்கள் என்ன சொல்லுவார்கள்? “கண்ணேறு பட்டுவிட்டது”, “தலைவிதி”, “சாமி குத்தம்” என்பார்கள். ஒரு படையல், ஒரு கயிறு, ஒரு எலுமிச்சம்பழம் இவற்றோடு காரியம் முடிந்துவிடும். ஒரு கேள்வி கேட்கிறோம். பழனி ஆண்டவனுக்கே படைக்கப்பட்டு வந்த பழத்தின் தோட்டமே அழிந்திருக்கும்போது, மற்றவன் தோட்டம் மட்டும் படையலால் பிழைக்குமென்று எண்ண நியாயம் இருக்கின்றதா? யாரையும் புண்படுத்துவதற்காக நாம் இதைக் கேட்கவில்லை. நோய்க்குக் காரணம் கண்ணால் காணக்கூடியதாக இருக்கும்போது காரணத்தை ஆகாயத்தில் தேடினால், தேடுகிற நாளில் நோய் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகின்றது என்பதற்காகவே கேட்கிறோம். முடிக்கொத்து நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. அதை மரத்துக்கு மரம் தூக்கிப் போவது அசுவினி என்னும் சிறு பூச்சி. ஊருக்கு ஊர் தூக்கிப் போவது யாரென்றால், நோய்க் கன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் மனிதன்!

அசுவினிக்குச் சாதியில்லை, மதமில்லை, வேலி எல்லை தெரியாது. ஆகவே இந்த நோயைத் தனி ஒருவன் ஜெயிக்க முடியாது. என் தோட்டத்தை நான் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நோய் மரம் நின்றால் போதும். இதை ஆஸ்திரேலியாக்காரர்கள் உணர்ந்தார்கள். ஃபிஜித் தீவிலிருந்து வந்த கன்றுகளோடு 1913ஐ ஒட்டி இதே நோய் அங்கே நுழைந்தது. பத்து வருஷத்துக்குள் வாழைத் தொழிலே படுத்துவிட்டது. மேகி என்னும் ஆராய்ச்சியாளர் நோயை அசுவினி பரப்புகிறது என்பதை நிரூபித்து 1927இல் வெளியிட்டார். அதன்மேல் சட்டம் செய்தார்கள். அனுமதியில்லாமல் கன்று நடக்கூடாது, கொண்டு போகக்கூடாது, நோய் மரத்தைக் கண்டால் பிடுங்கி அழித்தே ஆக வேண்டும், பரிசோதகர் தோட்டம் தோட்டமாக வருவார். அழிக்கும்போதும் முதலில் அசுவினியைக் கொன்றுவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டித் துண்டாக்கினார்கள். அசுவினியைக் கொல்லாமல் மரத்தை வெட்டினால் பூச்சி பக்கத்து மரத்துக்கு ஓடிவிடுமல்லவா? இவ்வளவுதான் அவர்கள் செய்த மந்திரம். படுத்த தொழில் எழுந்து நின்றது. நோய் அங்கிருந்து அடியோடு போய்விடவில்லை. ஆனால் அன்று முதல் அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றது.

அதே நோய், அதே பூச்சி, அதே வாழை. அங்கே பிழைத்தது, இங்கே செத்தது. இதற்குத் தலைவிதியா காரணம்? நமது தேசத்திலும் 1914ஆம் வருஷத்திலிருந்தே பயிர்களுக்குக் கேடு செய்யும் பூச்சிகளையும் நோய்களையும் தடுப்பதற்கென்று சட்டம் இருந்து வந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது. கன்று வண்டியில் போயிற்று. ஆனால் குடியானவனை மட்டும் குற்றம் சொல்லுவதற்கு நாம் தயாராக இல்லை. குத்தகைப் பணமும் உரக் கடனும் தலைமேல் இருக்கிறவனைப் பார்த்து, “இந்த மரத்தைப் பிடுங்கிப் போடு” என்றால் எப்படிப் பிடுங்குவான்? பாதி மரமாவது குலை தள்ளாதா என்று வைத்துக்கொண்டுதான் இருப்பான். ஊருக்காக ஒருவன் மரத்தை அழிக்க வேண்டுமானால் அதன் நஷ்டத்தை ஊர், அதாவது சர்க்கார், தாங்க வேண்டும். 2018 நவம்பர் 16ந்தேதி கஜாப் புயல் அடித்தபோது சாய்ந்த வாழைக்கு நிவாரணம் பேசினார்கள். காற்றில் சாய்ந்த மரத்துக்குக் கொடுக்கலாமென்றால், ஊரைக் காப்பதற்காகச் சாய்த்த மரத்துக்கு ஏன் கொடுக்கக்கூடாது? அதுவும் பட்டா வைத்திருப்பவனுக்கு மட்டுமல்லாமல், மண்ணில் நின்று பாடுபடும் குத்தகைக்காரனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அடுத்தபடியாக விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல்லை மூட்டையில் கட்டி ஒரு மாதம் வைக்கலாம். வாழைத்தாரை வைக்க முடியாது. தார் முற்றிய அன்று வெட்டியே ஆக வேண்டும். இது வியாபாரிக்குத் தெரியும். ஆகவே விலை அவன் வாயில் இருக்கின்றது. மத்திய சர்க்கார் ஆதரவு விலை கூறும் பயிர்களின் பட்டியலில் வாழை இல்லை. பக்கத்துக் கேரளத்தில் 2020 நவம்பர் 1ந்தேதி முதல் நேந்திரம் உள்பட 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை ஏற்படுத்தினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? விலை நிச்சயமில்லாதவன் அதிக மகசூல் தரும் ஒரே ரகத்தின் பின்னால் ஓடுவது அவன் அறியாமையல்ல, அவனுடைய நெருக்கடியாகும். தேனி, கம்பம் பக்கத்தில் ஜி-9 பெருகியதற்கும், வாடலுக்கு எளிதில் பலியாகும் ரஸ்தாளி பல இடங்களில் குறைந்து வருவதற்கும் கணக்குப் புத்தகமே காரணம். ரகம் பல இருக்க வேண்டுமென்று குடியானவனுக்கு உபதேசம் மட்டும் செய்து பிரயோஜனமில்லை.

இங்கேதான் பள்ளிக்கரணை போன்ற ஊர்களிலுள்ள நமது தோழர்களின் பங்கு வருகின்றது. “எங்களுக்கு வாழைத் தோட்டம் இல்லையே” என்பார்கள். தோட்டம் இல்லை, வாய் இருக்கின்றதல்லவா? கோயம்பேட்டிலிருந்து வண்டியேறி வேளச்சேரி - தாம்பரம் சாலைக் கடைகளுக்கு வரும் தாரில் எது விற்கின்றதோ அதுதான் அடுத்த வருஷம் நடப்படும். மஞ்சளாக, புள்ளியில்லாமல், ஒரே அளவாக இருந்தால்தான் வாங்குவேன் என்று கேட்பதனால்தான் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைக்கும் அக்கிரமமும் நடக்கின்றது. அது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கின்றது. எத்திலீன் வாயுவைக் கட்டுப்பாடான அளவில் உபயோகிக்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கின்றது. இருந்தும் கல் வருகின்றது என்றால் தோலைப் பார்த்து வாங்கும் நம் கண்ணும் அதற்குக் காரணமாகும். பூவனும், கற்பூரவல்லியும், மொந்தனும், மட்டியும், சிறுமலைப் பழமும் கேட்பார் இருந்தால்தான் நடுவார் இருப்பார்கள்.

பள்ளிக்கரணைக்காரர்களுக்கு இந்த விஷயத்தை வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் ஊர்ச் சதுப்பை “வீண் நிலம்” என்றார்கள், குப்பையைக் கொட்டினார்கள், கட்டடம் எழுப்பினார்கள். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோதுதான் அந்த வீண் நிலம் எவ்வளவு தண்ணீரைத் தாங்கிக் கொண்டிருந்தது என்பது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்குப் புரிந்தது. 2022இல் அதைச் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் இடமாகச் சேர்த்தார்கள். மிஞ்சியதற்கு மரியாதை; போனது போனதுதான். இன்று லாபமில்லை என்று தள்ளப்படும் வாழை ரகங்களும் அந்தச் சதுப்பைப் போன்றவையே. நாளைக்கு வரும் நோயைத் தாங்கும் குணம் எந்த மூலையிலுள்ள எந்தக் காட்டு வாழையில் இருக்கின்றதென்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதற்கு அத்தாட்சியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு காட்டு வாழையிலிருந்து எடுத்த மரபணுவைக் கேவண்டிஷில் சேர்த்து, நான்காம் இனப் பூஞ்சணத்தைத் தாங்கும் வாழையை உண்டாக்கியிருக்கின்றார்கள். 2024 பிப்ரவரியில் அதற்கு அங்கே அனுமதியும் கிடைத்தது. இதைச் சிலர் சர்வரோக நிவாரணி என்பார்கள். சிலர் பிசாசு என்பார்கள். இரண்டும் மூட நம்பிக்கையே. விஞ்ஞானத்தைச் சாமியாக்கிக் கும்பிடுவதும் பகுத்தறிவாகாது. நல்லதா, கெட்டதா என்பதைப் பரிசோதித்து முடிவு செய்ய வேண்டும். அதன் உரிமை யார் கையில் இருக்கின்றது, கன்றின் விலை என்ன என்பதையும் கேட்க வேண்டும். அந்த ஒன்றையே மறுபடியும் உலகமெங்கும் நட்டால், பூஞ்சணம் ஐந்தாவது வேஷம் போட்டுக்கொண்டு வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? திசு வளர்ப்புக் கன்றின் விஷயமும் இப்படியே. கண்ணாடிப் புட்டியில் வளர்ந்தது என்பதாலேயே அது புனிதமாகிவிடாது. தாய் மரத்தில் வைரஸ் இருந்தால் புட்டிக் கன்றிலும் இருக்கும். தாயைச் சோதித்துச் சான்று கொடுக்கும் முறை 2006 முதல் நமது தேசத்தில் ஏற்பட்டிருக்கின்றது. சான்றைக் கேட்டு வாங்குகிறவன் எத்தனை பேர்? கீழ்ப் பழனி மலையில் விருப்பாச்சி இன்று கொஞ்சமாவது மறுபடி தலைகாட்டுகின்றதென்றால், அது வைரஸ் சோதித்த கன்றுகளால்தான்.

எனவே குடியானவத் தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். முகம் தெரியாத தோட்டத்துக் கன்றை மலிவென்று வாங்காதீர்கள். இனாமாகக் கொடுத்தாலும் விசாரிக்காமல் வாங்காதீர்கள். மண்வெட்டியையும் காலையும் கழுவாமல் அடுத்தவன் தோட்டத்தில் இறங்காதீர்கள். நோய் மரத்தைக் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நோய் பாபமல்ல, மறைப்பதுதான் பாபம். திருச்சியில் 1993 முதல் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அது நமது வரிப்பணத்தில் நடப்பது. ஆகவே கூசாமல் போய்க் கேளுங்கள். வாழை வைத்திருக்கும் ஒவ்வொரு கிராமத்திலும் எல்லாச் சாதியாரும், குத்தகைக்காரரும், கூலியாளும் சேர்ந்த ஒரு சங்கம் வையுங்கள். வாரம் ஒரு நாள் தோட்டம் தோட்டமாகச் சுற்றிப் பாருங்கள். மேல் தெருக்காரர் தோட்டத்தில் கீழ்த் தெருக்காரர் நுழையக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தால் அசுவினி மட்டும் இரண்டு தெருவுக்கும் போய்வந்து கொண்டிருக்கும். சர்க்காரிடம் பிடுங்கிய மரத்துக்கு நஷ்ட ஈடும், தாருக்கு அடிப்படை விலையும் தனி ஆளாய்க் கேட்டால் மனு. சங்கமாய்க் கேட்டால் கோரிக்கை.

இனிக் கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்த விரும்புகிறவர்கள், இருப்பதையே திரும்பத் திரும்பப் பெற்றெடுங்கள் என்று வாழ்த்துவதை விட்டுவிட்டு, அறிவோடும் ஒற்றுமையோடும் வாழுங்கள் என்று வாழ்த்துவார்களாக. வாழைக்கும் அதுவே வேண்டியிருக்கின்றது. அதை நடும் மனிதனுக்கும் அதுவே வேண்டியிருக்கின்றது.